பிழிந்த நிறத்தை எங்கே வைப்பது?

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், கோலார் தங்கவயலை அடுத்த எங்கள் பேத்தமங்களாவைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் செண்டுமல்லி கொட்டிக் கிடக்கும். முந்தின நாள் வரை வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து எடுத்துப்போன பூ அது. பண்டிகை கழிந்தால் பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டுப்படியாகாது. பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் வரை கொண்டுபோய் நஷ்டப்படுவதைவிட இங்கேயே கொட்டிவிடுவது மேல் என்று விவசாயி முடிவு செய்துவிடுவார். "டீச்சரம்மா, இவ்ளோ கலர் மண்ணுல போகுதே, இதைப் பிழிஞ்சு எடுத்து வித்துட முடியாதா?" என்று என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கேட்காத வருஷம் இல்லை.

பிழியலாம். அதில் பெரிய வித்தை இல்லை. பிழிந்த நிறத்தை மூன்று மாதம், ஆறு மாதம் வைத்திருந்து, அப்போதும் அதே நிறமாக அடுத்தவர் கையில் கொடுக்க முடியுமா என்பதில்தான் தொழிலே இருக்கிறது. பூவில் நிறம் எடுப்பதைக் காட்டும் வீடியோக்கள் எத்தனையோ வருகின்றன. எடுத்ததை எங்கே, எதில், எப்படி வைப்பது என்று சொல்பவர்கள் குறைவு. அறிவியல் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

இப்போது அதற்கு அவசரமும் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்திருந்ததுதான் காரணம். மார்ச் மாதம் கர்நாடக அரசும் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி கூடாது, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமே கூடாது என்று உத்தரவு போட்டது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் சாயங்காலமானால் தெருமுனைக்கு ஒரு கோபி வண்டி நிற்கிற ஊர் எங்களுடையது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஆண்கள் பலரும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் சங்கம் வைத்து ஏதாவது தொழில் தேடுகிறார்கள். சங்குப்பூப் பொடி, செம்பருத்தி சர்பத், பூச்சாயம் போட்ட சோப்பு என்று யோசனைகளுக்குக் குறைவில்லை. முதல் வாரம் பளபளவென்று இருக்கிற சர்பத் இரண்டாம் மாதம் செங்கல் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. வாங்கியவர் மறுபடி வருவதில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள, நிறமியின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

செம்பருத்தி, சங்குப்பூ, ரோஜா ஆகியவற்றின் சிவப்பும் நீலமும் ஆந்தோசயனின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. தண்ணீரில் சட்டென்று இறங்கிவிடும். இதன் தனிக்குணம், புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுவது. நல்ல புளிப்பில் சிவப்பு, புளிப்பு குறைந்தால் வெளுப்பு அல்லது ஊதா, காரம் ஏறினால் நீலம், பச்சை, கடைசியில் அழுக்கு மஞ்சள். ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சிவப்பு ரோஜாவிலும் ஐரோப்பிய வயல்களில் பூக்கும் ஒரு நீலப் பூவிலும் இருப்பது ஒரே நிறமிதான் என்று காட்டினார். தாவர நிறமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூவின் நீலத்துக்கு இரும்பு, மக்னீசியம் போன்ற உலோகங்கள் நிறமியோடு கோத்துக்கொள்வது காரணம் என்பது பின்னால் தெளிவானது.

இதை எங்கள் ஊரில் யாரும் ஆய்வகம் இல்லாமலே பார்க்கலாம். கோலார் மாவட்டத்தின் போர்வெல் தண்ணீர் ஆழத்திலிருந்து வருவது, உப்பும் சுண்ணாம்பும் அதிகம், சற்றுக் காரத்தன்மை உள்ளது. அதில் செம்பருத்தி இதழைப் போட்டுக் கொதிக்க வைத்தால் சிவப்பு வருவதில்லை, கருநீலம் கலந்த ஊதாதான் வருகிறது. மழைநீரைப் பிடித்து அதே இதழைப் போட்டால் வேறு நிறம். இரும்புச் சட்டியில் வைத்தால் இன்னும் கருக்கும். எங்கள் பாலாற்று ஏரித் தண்ணீர் சுரங்கக் கம்பெனி காலத்தில் குழாய் வழியாகத் தங்கவயல் முழுவதற்கும் போனது. அந்தக் காலத்து மனிதர்கள் குடித்த தண்ணீர் வேறு, இன்று நாங்கள் ஆயிரம் அடிக்குக் கீழே தோண்டி எடுக்கும் தண்ணீர் வேறு. பூ நிறம் எடுக்கிறவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மழைநீரோ, வடித்த நீரோ, ஆர்.ஓ. நீரோ வேண்டும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி.

சிவந்த சாற்றைச் சிவப்பாகவே வைத்திருக்கப் புளிப்பு வேண்டும் என்றதும் எல்லாரும் எலுமிச்சம்பழத்தைத்தான் பிழிவார்கள். உடனே குடிக்கிற சர்பத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் வைக்கிற சாற்றுக்குச் சரியில்லை. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, காற்றோடு சேர்ந்து ஆந்தோசயனினைச் சிதைக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தில் புளிப்பு மட்டும்தான் உண்டு, அந்த வைட்டமின் இல்லை. சேமிப்புக்கு அதுவே ஏற்றது. நல்லது என்று நாம் நம்புகிற ஒரு சத்து நிறத்துக்குக் கேடாக முடிவதை என் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். பிறகு இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

சங்குப்பூ இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் கெட்டிக்காரி. அதன் நிறமி மூலக்கூறில் வெளிச்சுற்றாகச் சில கிளைகள் ஒட்டியிருக்கின்றன. அவை மடிந்து நடுப்பகுதியை மூடிக் காக்கின்றன. அதனால் செம்பருத்திச் சாறு சாயம் போகிற வேகத்தில் சங்குப்பூச் சாறு போவதில்லை. தொழில் தொடங்க நினைக்கிற பெண்கள் என்னிடம் கேட்டால், முதலில் சங்குப்பூவை எடுங்கள் என்றுதான் சொல்வேன். வேலியில் தானாகப் படரும், காயவைப்பதும் எளிது.

இரண்டாவது குடும்பம் பீட்டாலைன். காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை ஆகியவற்றின் அடர்ந்த இளஞ்சிவப்பு இது. பீட்ரூட்டிலும் இதுதான். ஆந்தோசயனின் இருக்கும் செடியில் பீட்டாலைன் இருக்காது, இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருந்து இதுவரை யாரும் கண்டதில்லை. புளிப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பீட்டாலைன் நிறம் மாறாது, ஆனால் சூடு ஆகாது. அடுப்பில் கொதிக்கவிட்டால் பழுப்பாகிவிடும். ஒரு அதிசயம் உண்டு: சூடுபட்டு மங்கிய பீட்ரூட் சாற்றை உடனே குளிரவைத்துச் சற்று நேரம் விட்டால், போன நிறத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். பிரிந்த துண்டுகள் குளிரில் மறுபடி கூடுகின்றன. முழுக்கத் திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, எங்கள் விவசாயிகளின் கேள்விக்கு உரிய குடும்பம்: கரோட்டினாய்டு. செண்டுமல்லியின் ஆரஞ்சும் மஞ்சளும் பெரும்பாலும் லூட்டின் என்ற கரோட்டினாய்டு. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். செண்டுமல்லியைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வருகிற மஞ்சள் லூட்டின் இல்லை, இதழில் கூடவே இருக்கிற ஃப்ளேவனாய்டு என்ற வேறு பொருள். துணிக்குச் சாயம் போட அது உதவும். கோழித்தீவனத்தில் கலந்து முட்டைக் கருவை மஞ்சளாக்கவும், கண் நலத்துக்கான மாத்திரைக்கும் கம்பெனிகள் தேடுவது எண்ணெயில் கரையும் லூட்டினை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கொதித்த தண்ணீரை கேன் கேனாக வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

பவளமல்லியின் காம்பில் இருக்கும் ஆரஞ்சு நிறமும் கரோட்டினாய்டு வகைதான், ஆனால் சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருப்பதால் தண்ணீரில் கரையும். குங்குமப்பூவில் இருக்கிற அதே குரோசின். முன்காலத்தில் பட்டுக்கு இந்தக் காம்பால் சாயம் போட்டார்கள், அது நிலைக்காமல் வெளுத்துப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குங்குமப்பூவைத் தரம் பிரிக்கும்போது, அதை ஊறவைத்த நீர் 440 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். சரியாக வைக்காத குங்குமப்பூவில் இந்த அளவு இறங்கிக்கொண்டே வரும், விலையும் கூடவே இறங்கும்.

நிறமிக்கு வெளிச்சம் என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் ஒரு ஜப்பான் கதை இருக்கிறது. நம் வயல் வரப்பில் மண்டும் கானாவாழையின் சொந்தக்காரச் செடி ஒன்று ஜப்பானில் உண்டு, நீலப் பூ பூக்கும். அந்தப் பூச்சாற்றைத் தாளில் பூசிக் காயவைத்து, மேலே மேலே பூசி, நீலத் தாளாகவே அங்கே சேமித்து வைத்தார்கள். வேண்டும்போது ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கிவிடும். சாறாக வைத்தால் கெடும், காய்ந்த தாளாக வைத்தால் நிற்கும் என்று கண்டுகொண்ட மனிதர்களின் அறிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அந்த நீலத்தை மர அச்சு ஓவியங்களுக்கும் பயன்படுத்தினார்கள். ஈரத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கிப்போனது. 1830 வாக்கில் அயல்நாட்டுச் செயற்கை நீலம் பரவலானதும் பூநீலம் பின்னுக்குப் போனது. இன்று பழைய ஓவியங்களில் நீல வானம் இருந்த இடம் பல இடங்களில் பழுப்பாகக் கிடக்கிறது. ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் 6,000க்கும் மேற்பட்ட அச்சு ஓவியங்களைக் கொடுத்தபோது, இவற்றை ஒருபோதும் காட்சிக்குத் தொங்கவிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வெளிச்சம் படாமல் இருந்த அந்தத் தொகுப்பில் பூநிறங்கள் இன்னும் புதுசாக இருக்கின்றன. அதே நிறமி, அதே வகைத் தாள், வைத்த இடம் மட்டும் வேறு.

வெளிச்சத்துக்கு அடுத்தது சூடு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரிச் சிதைவுகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும் என்பது வேதியியலில் பழகிப்போன கணக்கு. ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் இருக்கும் சாற்றையும், ஏப்ரல் மாதம் எங்கள் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே 35 டிகிரியில் இருக்கும் சாற்றையும் ஒப்பிட்டால் நடுவில் மூன்று இரட்டிப்புகள். குளிரில் எட்டு மாதம் வைத்தால் ஆகிற சேதம் கூரையடியில் ஒரே மாதத்தில் ஆகிவிடும். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழியில் நல்ல குளிர். அந்த மாதங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, கெடவில்லையே என்று நம்பி விலை பேசினால் கோடையில் ஏமாற்றம்தான்.

மூன்றாவது, காற்றில் உள்ள ஆக்சிஜன். கரோட்டினாய்டுகளுக்கு இதுதான் பெரிய பகை. அவற்றின் நிறமே ஒரு நீண்ட கரிமச் சங்கிலியிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் அந்தச் சங்கிலியை எங்காவது அறுத்தால் நிறம் போயிற்று. இதனால் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு: காய்ந்த இதழை இதழாகவே வையுங்கள், மாவாக அரைத்து வைக்காதீர்கள். அரைத்தால் காற்றுப்படும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. ஆர்டர் வந்த பிறகு அரைத்தால் போதும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே எங்கள் சங்கங்களின் பாதிக் குறை தீரும் என்பது என் கருத்து.

பறித்த பூவையும் சும்மா விடக் கூடாது. செண்டுமல்லி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கதகதவென்று இருக்கும். பூ இன்னும் மூச்சு விடுகிறது, அந்தச் சூட்டிலேயே வெந்துபோகிறது. இதழுக்குள் இருக்கும் நொதிகள், செல் நசுங்கியதும் நிறமியைத் தின்னத் தொடங்கும். அதனால் நசுக்காமல், பரப்பி, நிழலில் ஆறவிட்டு, சீக்கிரம் காயவைக்க வேண்டும். சங்குப்பூ போன்றவற்றை ஒன்றிரண்டு நிமிஷம் ஆவி காட்டிவிட்டுக் காயவைத்தால் நொதிகள் அடங்கிவிடும். கொஞ்ச நேரச் சூடு நிறத்தைக் காக்கும், நெடுநேரச் சூடு அழிக்கும். நேர் வெயிலில் தார்ப்பாயில் கொட்டிக் காயவைப்பது மிளகாய்க்குப் பழக்கமாக இருக்கலாம், நிறத்துக்காக எடுக்கும் பூவுக்கு ஆகவே ஆகாது.

பெரிய ஆலைகள் என்ன செய்கின்றன என்றும் பார்க்க வேண்டும். மைசூருக்குத் தெற்கே குண்டல்பேட்டைப் பக்கம் போனால் ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் கண்ணுக்கெட்டிய வரை செண்டுமல்லி. அதில் பெரும்பங்கு மாலைக்கு இல்லை, நிறம் எடுக்க. லாரி லாரியாக வரும் பூவை ஒரே நாளில் காயவைக்க முடியாது. அதனால் காற்றுப் புகாமல் அழுத்தி நிரப்பி, மாட்டுத் தீவனப்புல்லை ஊறுகாய்ப் புல்லாக்குவது போலப் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஏறினால் கெடுக்கும் கிருமிகள் வளராது, காற்று இல்லாததால் லூட்டின் பெரிதும் தப்பிக்கிறது, இதழும் இளகி நிறத்தை எளிதில் விடுகிறது. பிறகு பிழிந்து, காயவைத்து, குச்சி உருண்டைகளாக அழுத்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் நிறத்தை இழுக்கிறார்கள். கிடைக்கும் பிசின் போன்ற கெட்டி எண்ணெயை ஒளி புகாத கலங்களில் காற்றை வெளியேற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்கிறார்கள். பூவில் லூட்டின் தனியாக இல்லாமல் கொழுப்பமிலத்தோடு சேர்ந்தே இருக்கிறது, அந்தச் சேர்ந்த வடிவம் பிரித்த வடிவத்தைவிட நின்று நிலைக்கும். ஹெக்சேன் பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்கும் பொருள். வீட்டில் யாரும் அதைத் தொட நினைக்கக் கூடாது.

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கரோட்டின் எடுப்பதற்கென்றே 'அர்கா சுபா' என்ற செண்டுமல்லி ரகத்தைக் கொடுத்திருக்கிறது. அதில் கரோட்டின் 2.8 சதவீதம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. மாலைக்கான ரகத்தைப் பயிரிட்டு, விற்காத மிச்சத்தில் நிறம் எடுக்கலாம் என்று நினைப்பதைவிட, நிறத்துக்கென்றே கொஞ்சம் நிலம் ஒதுக்குவது புத்திசாலித்தனம். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயற்கை நிறமிகளில் நெடுநாள் வேலை செய்துவருகிறது. சாற்றை மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோடு அல்லது கருவேலம் பிசின் வகையோடு கலந்து தூளாகத் தெளித்துக் காயவைத்தால், நிறமியைச் சுற்றி ஒரு உறை விழுகிறது, ஆக்சிஜன் எளிதில் உள்ளே போவதில்லை. ஆனால் அந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்து வைத்தால் கட்டிதட்டும், உறையும் உடையும்.

நிறத்தைக் காத்துப் பணமாக்குவது நம் பக்கத்தில் நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாயை எல்லாரும் அறிவோம். காரம் குறைவு, நிறம் அதிகம், அந்த நிறத்துக்குத்தான் விலை. அதுவும் கரோட்டினாய்டுதான். பியாடகியில் மிளகாய்க்காகவே குளிர்பதனக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. விலை இறங்கினால் விவசாயி மூட்டையை அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்க முடிகிறது. ஆசியாவின் பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்றைக் கோலாரில் வைத்திருக்கிற நாம், பூவுக்கும் பூநிறத்துக்கும் அப்படி ஒரு இடம் கேட்காமல் இருக்கிறோம்.

வீட்டளவில் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சாறாக வைக்காதீர்கள், காய்ந்த இதழாக வையுங்கள். கையில் நொறுங்கும் அளவு காயட்டும், ஈரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பூஞ்சை வரும். சாறாகத்தான் வேண்டும் என்றால் எலுமிச்சை உப்புப் போட்டு, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, ஃபிரிட்ஜில். பிளாஸ்டிக் பாட்டில் மூடியிருந்தாலும் அதன் சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும். பழுப்புக் கண்ணாடி கிடைக்காவிட்டால் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். அரிசி டப்பா மாதிரிப் பெரிய டப்பாவில் மொத்தமாகப் போட்டுத் தினமும் திறந்து மூடாமல், சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வையுங்கள்.

கோபி வண்டிக்காரர்கள் கேட்டால் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: செம்பருத்திச் சிவப்பு எண்ணெய்ச் சட்டியில் நிற்காது. அங்கே மிளகாய் நிறம்தான் ஓரளவு தாங்கும். பூநிறத்துக்கு ஏற்ற இடம் குளிர்ந்த பானம், பால் இனிப்பு, சோப்பு, கோலப்பொடி. சோப்பு காரம் என்பதால் அங்கே ஆந்தோசயனின் பச்சையாகிவிடும், செண்டுமல்லி மஞ்சள்தான் பொருந்தும்.

நிறம் எடுக்கும் இயந்திரம் வாங்க மானியம் கேட்டு எங்கள் பகுதிச் சங்கங்கள் மனு எழுதும்போது, என்னிடம் படித்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன், இதைப் படிக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளிடமும் அதையே கேட்கிறேன்: இயந்திரத்துக்கு முன்னால், பேத்தமங்களா வட்டாரத்துக்குப் பொதுவாக ஒரு நிழல் உலர்த்தியும் ஒரு சிறு குளிர் அறையும் கட்டிக் கொடுங்கள்.